பாசறையும் வீடும்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருதல் வேண்டுமென்று அதன் பொறுப்பாசிரியர் சென்ற திங்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். யான் இக்கல்லூரியிற் பட்டம் பெற்று வெளியேறியவன் அல்லேன். இரண்டாம் ஆண்டின் இடையே படிப்பை நிறுத்திப் படையிற் சேர்ந்தவன். ஆதலால், கற்றோர் எழுதும் பக்கங்களில் எனக்கு இடமேது என்று கூறி மறுத்தேன். அவரோ, "பாசறையைப் பற்றி வகுப்பிற் படித்தோர் நம்முட் பலர் உளர், அதில் வாழ்ந்து வந்தோர் சிலரே" என்றார். அதற்கு விடை கூற எனக்கு இயலவில்லை. போர்க்களச் செய்திகளை எதிர்பார்த்து இதனைப் படிக்கத் தொடங்கும் இளைஞர் ஏமாற்றமடைவர். பயிற்சிக் காலத்தில் யான் செய்த ஒரு பிழையும், அதனால் என் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்புமே ஈண்டுக் கூறப்படுவன.

1986ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், யான் வகுப்பில் அமர்ந்திருந்த கடைசி நாளன்று, தமிழாசிரியர் முல்லைப்பாட்டை நடத்தி முடித்தார். நப்பூதனார் இயற்றிய அப்பாட்டு 103 அடிகளே உடையது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. போருக்குச் சென்ற அரசன் கார்காலம் தொடங்கியும் மீளவில்லை. அரசி ஆற்றாது இருக்கின்றாள். முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நற்சொல் கேட்க நிற்கின்றனர். அங்கே ஆயர்மகள் ஒருத்தி, தாயைக் காணாது வருந்தும் கட்டுக்கன்றை நோக்கி, உன் தாயர் இப்பொழுதே வந்துவிடுவர் என்று தேற்றுகின்றாள். அதனையே நற்குறியாகக் கொண்டு முதியோர் அரசியைத் தேற்றுகின்றனர். அப்பாற் பாசறை காட்டப்படுகின்றது. அங்கே அரசனும் உறக்கமின்றி, புண்பட்ட யானைகளையும் குதிரைகளையும் தனக்காக மாண்ட வீரரையும் எண்ணிக்கொண்டிருக்கின்றான். "பாசறையின் துயரை வீடு அறியாது, வீட்டின் துயரைப் பாசறை அறியாது, இரண்டையும் ஒருங்கே அறிந்தவர் புலவர் ஒருவரே" என்று கூறி ஆசிரியர் நூலை மூடினார். மறுநாள் யான் கல்லூரிக்குச் செல்லவில்லை.

காரணம் வறுமையே. என் தந்தையார் தாமிரபருணிக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுது வந்தார். அவ்வாண்டு கார் நெல் பொய்த்தது. பிசான நடவுக்கு விதை வாங்கிய கடன் வேறு தலைமேல் நின்றது. எனக்குப் பின் தங்கை ஒருத்தி எட்டாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தாள். இருவர் படிப்பிற்கும் பணம் கட்ட வழியில்லை. மாவட்டத் தலைநகரில் நடைபெற்ற ஆள்சேர்ப்பு முகாமுக்கு யான் ஒருவரிடமும் சொல்லாமற் சென்றேன். 1.6 கிலோமீட்டர் ஓடச் செய்தனர்; ஒன்பதடிப் பள்ளத்தைத் தாண்டச் செய்தனர்; கம்பியைப் பற்றி உடலைத் தூக்கச் செய்தனர். கழனியில் வளர்ந்த உடம்பு கைவிடவில்லை. 1987 சனவரியில் அழைப்பாணை வந்தது. புறப்படுவதற்கு முன்னாள் இரவு தந்தையார் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. தொழுவத்திற்குச் சென்று, எங்கள் செவலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதன் கன்று ஐந்து மாதக் கிடாரி. அஃது அவருடைய வேட்டி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறினேன். கல்லாறு முதற் குன்னூர் வரையிலும் தண்டவாளங்களுக்கு இடையே பற்சட்டம் ஒன்று அமைந்துள்ளது. இயந்திரத்தின் பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி ஏற, வண்டி மனிதன் நடையாய் மலைமீது செல்லும். இயந்திரம் முன்னே இழாமற் பின்னே நின்று தள்ளுவது எனக்கு வியப்பாயிருந்தது. 1899ஆம் ஆண்டிலேயே குன்னூர்வரை ஓடத் தொடங்கிய இவ்வண்டியை 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தனர். குன்னூருக்கு அடுத்த நிலையம் வெலிங்டன். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள அவ்வூரில், சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய 1850களிற் கட்டத் தொடங்கிய நீண்ட படைவீடுகளில், சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி மையம் நடைபெற்று வருகின்றது. அப்படைப்பிரிவின் சின்னம் யானை. 1803ஆம் ஆண்டு அசாயேப் போரிற் காட்டிய வீரத்திற்காகச் சென்னைப் பட்டாளங்களுக்கு அளிக்கப்பட்ட சிறப்பு அது. தன் கடமையைச் செய்து இறத்தலே மேன்மை என்னும் பொருளுடைய வடமொழித் தொடர் அதன் குறிக்கோள். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது போர் முழக்கம்.

முல்லைப்பாட்டின் பாசறையில், கல்வியறிவற்ற இளைஞர் வடமொழிச் சொற்களை ஓதி யானையைப் பழக்குவதாகப் புலவர் கூறுவர். அணிவகுப்புத் திடலில் முதல் நாள் நின்றபோது எனக்கு அவ்விடமே நினைவுக்கு வந்தது. "சாவ்தான்" என்றால் விறைத்து நிற்றல் வேண்டும். "விஷ்ராம்" என்றாற் கால் அகற்றி நிற்றல் வேண்டும். "பீச்சே முட்" என்றாற் பின்புறம் திரும்புதல் வேண்டும். தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடியருமாகிய நாங்கள், பொருள் விளங்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்பி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டோம். யானை இவற்றை எங்களினும் விரைவிற் கற்றிருக்கும் என்பதில் ஐயமில்லை.

பொழுது புலருமுன் ஊதுகொம்பு ஒலிக்கும். கம்பளியை மடித்துப் பெட்டிமேல் அளவாக வைத்து, முகம் மழித்து, பூட்ஸைக் கண்ணாடிபோல் துடைத்து, திடலுக்கு ஓடுதல் வேண்டும். நீரோ பனிக்கட்டியின் உடன்பிறப்பு. ஓட்டமும் உடற்பயிற்சியும் முடிந்தபின் அணிநடை. அதன்பின் துப்பாக்கிப் பயிற்சி. அக்காலத்து எங்கள் கையில் இருந்தவை 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலரைக் கிலோ எடையுள்ளது. சிறு தவறு செய்தாலும் அதனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடுதல் வேண்டும். பிற்பகலில் இந்தியும் நிலப்படம் பார்த்தலும் கற்பிப்பர். இரவிற் சப்பாத்தி, நெல்லை நாட்டானுக்கு அது சில வாரம் உணவாகவே தோன்றவில்லை. விளக்கணைந்தபின் நாற்பது கட்டில்களும் அமைதியாயிருக்கும். யாரேனும் ஒருவன் போர்வைக்குள் விம்முவது கேட்கும். மறுநாள் அவன் யாரென்று எவரும் கேட்பதில்லை. அது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை கடிதநாள். வீட்டிற்குக் கட்டாயம் எழுதுதல் வேண்டுமென்பது எங்கள் பயிற்சியாளரின் ஆணை. பயிற்சியாளரை உஸ்தாத் என்று அழைத்தல் படைவழக்கு. எங்கள் உஸ்தாத் நாகர்கோவில் பக்கத்து அவில்தார். திடலில் அவர் குரல் எதிர்மலையில் மோதி மீளும். வீட்டிலிருந்து எனக்கு மாதம் இரு கடிதம் வரும். தந்தையார் சொல்லத் தங்கை எழுதுவாள். மழை, கடன், தாயாரின் முழங்கால் வலி, செவலையின் பால், கிடாரியின் குறும்பு ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இறுதியில் தந்தையார் தம் கையாலேயே பெயரெழுதுவார். மூன்றாம் வகுப்புவரை படித்த அவருக்குத் தம் பெயரின் இறுதியில் நிற்கும் னகர மெய்க்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. "அப்பா ஓலைச்சுவடிப் புலவர்" என்று தங்கை நகைப்பாள். ஏட்டில் எழுதிய முன்னோர் புள்ளி இடுவதில்லை என்று அவள் பள்ளியிற் கற்றிருந்தாள்.

மூன்றாம் மாதத்தில் என் வலக் குதிகாலிற் பூட்ஸ் உராய்ந்து ஒரு கொப்புளம் எழுந்தது. வாரந்தோறும் எங்கள் பாதங்களைப் பார்வையிடுவர். சொல்லியிருந்தால் இரண்டு நாள் ஓய்வோடு போயிருக்கும். ஓய்விற் கிடப்பவன் பின்தங்குவான் என்று அஞ்சி, கொப்புளத்தின்மேல் துணி சுற்றி, பார்வையிடும்போது குதிகால் தரையிற் படும்படி நின்று தப்பினேன். பத்தாம் நாள் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டது. அணியில் நின்றபடியே விழுந்தேன். மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்தேன். மீண்டபோது என் அணி வெகுதூரம் முன்னேறியிருந்தது. எனக்குப் பின் பத்து வாரம் கழித்துச் சேர்ந்த அணியில் என்னை இட்டனர். பிழை முழுதும் என்னுடையதே.

இதனை வீட்டிற்கு எழுதவில்லை. 'நலம், பயிற்சி நன்கு நடைபெறுகின்றது' என்றே எழுதி வந்தேன். அக்டோபரில் உறுதிமொழி ஏற்பு என்று முன்னரே எழுதியிருந்தேன். அது மழையினால் டிசம்பருக்குத் தள்ளி வைக்கப்பட்டது என்று ஒரு பொய்யையும் சேர்த்தேன். தோற்றவன் என்று தந்தையார் எண்ணிவிடுவாரே என்னும் நாணமே இதற்குக் காரணம். அவர் மனம் நோகலாகாது என்னும் அன்பே காரணம் என்று அப்பொழுது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படைவீரர் கடிதத்தில் மறைத்தெழுதுவது புதிதன்று. முதல் உலகப்போரில், 1914, 1915ஆம் ஆண்டுகளில், பிரான்சிற் போரிட்ட இந்திய வீரரின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தனர். அதனை அறிந்த வீரர், இந்தியப் படையினரைக் கரிய மிளகு என்றும் வெள்ளையரைச் சிவந்த மிளகு என்றும் குறித்து, கரிய மிளகு தீர்ந்து வருகின்றது என்று ஊருக்கு எழுதினராம். அவர்கள் மறைத்தது அதிகாரிகளிடமிருந்து; உண்மை வீட்டாருக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. யானோ என் வீட்டாரிடமிருந்தே உண்மையை மறைத்தேன்.

ஆவணி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. வழக்கமான செய்திகளே. செவலை நன்றாகப் பால் தருகின்றது, கிடாரி வளர்ந்துவிட்டது, அப்பா நலம். கீழே தந்தையாரின் பெயர். அதனை மடிக்கப் போனவன் நிறுத்தினேன். இறுதி எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி இருந்தது.

பல முறை பார்த்தேன். எழுத்துக்கள் அவர் எழுத்தைப்போலவே பெரியனவாய், சாய்ந்தனவாய் இருந்தன. ஆயினும் புள்ளி இருந்தது. பள்ளியில் நன்கு பயின்ற பெண்ணின் கை தன்னையறியாமல் இட்ட புள்ளி அது. தந்தையார் ஏன் தம் கையால் எழுதவில்லை என்னும் வினா என் நெஞ்சில் எழுந்தது. அதனைக் கேட்டு எழுதினால் உண்மை வரும்; உண்மை வந்தால் யானும் உண்மை சொல்ல நேரும். ஆகவே, யான் கண்டதைக் காணாததுபோற் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்தேன். அப்பெட்டியில், எச்.எம்.டி. கைக்கடிகாரம் ஒன்று வாங்குவதற்காக யான் சேர்த்த ரூ. 300ம் இருந்தது.

அதன்பின் வந்த கடிதங்களிலும் புள்ளி இருந்தது. யானும் 'நலம்' என்றே எழுதி வந்தேன்.

அக்டோபரில் என் பழைய அணியினர் உறுதிமொழி ஏற்றனர். கொடியும் வாத்தியமும் முன்செல்ல, அவரவர் சமய நூலைத் தொட்டு அவர்கள் உறுதி கூறியபோது, யான் திடலின் ஓரத்தில் நாற்காலிகளை அடுக்கும் பணியில் நின்றேன். என்னுடன் ஒரே பிளாட்டூனில் இருந்தவனின் தாயார், அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிப் பார்த்ததைக் கண்டேன். அன்று மாலை உஸ்தாத் என்னைக் கண்டு, "இன்று ஞாயிறு, வீட்டிற்கு எழுதினாயா?" என்றார். "எழுதினேன், உஸ்தாத்" என்றேன். "என்ன எழுதினாய்?" "நலம் என்று." அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, காலிலுள்ள புண்ணை மறைத்தாய், பத்து வாரம் பின்தங்கினாய். வீட்டாரிடமும் மறைத்தால் எத்தனை ஆண்டு பின்தங்குவாய் என்று கணக்குப் பார்த்தாயா?" என்று கூறிவிட்டு, மறுமொழிக்கு நில்லாமல் நடந்தார்.

அன்றிரவே எழுதினேன். புண்ணைப் பற்றியும், மருத்துவமனையைப் பற்றியும், மழையின்மேற் போட்ட பழியைப் பற்றியும் எழுதினேன். இறுதியில், 'அப்பாவின் பெயருக்குப் புள்ளி இட்டது யார்?' என்று கேட்டேன்.

எட்டாம் நாள் விடை வந்தது. அதனைத் தங்கை யாரும் சொல்லாமல் தானே எழுதியிருந்தாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் வரப்பில் நடந்துகொண்டிருந்த தந்தையார் விழுந்துவிட்டார். வலக் கையும் காலும் பக்கவாதத்தால் செயலற்றன. மருத்துவத்திற்காகச் செவலையை விற்றனர். எனக்குத் தெரிந்தாற் பயிற்சியை விட்டு ஓடி வந்துவிடுவேன், ஓடி வந்தவனைப் படை மீண்டும் ஏற்காது, ஆகையால் ஒன்றும் எழுதலாகாது என்று அவர் தாயாரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். விற்ற பசுவின் பாலைப்பற்றி மாதம் இரு முறை பொய் எழுதுவது தனக்கு மிகவும் கடினமாயிருந்தது என்று தங்கை எழுதியிருந்தாள். கிடாரியை மட்டும், அண்ணன் வரும்போது தொழுவம் வெறுமையாய் இருத்தலாகாது என்று தாயார் வைத்திருந்தாராம். புரட்டாசி மூன்றாம் வாரம் மருந்துக்குப் பணமில்லாமல் அதனையும் ரூ. 275க்கு விற்றுவிட்டனர்.

ஆவணியிற் புள்ளியைக் கண்டேன். புரட்டாசியிற் கிடாரி போயிற்று. இடையே ஏறத்தாழ ஏழு வாரம். அவ்வேழு வாரமும் ரூ. 300 என் பெட்டியிற் கிடந்தது. கேட்டிருந்தால் அக்கிடாரி எங்கள் தொழுவத்தில் நின்றிருக்கும். இக்கணக்கை யான் இன்றளவும் போட்டுப் பார்க்கின்றேன், விடை மாறுவதில்லை.

கடிதத்தின் அடியில் ஒரு பெயர் இருந்தது. கோடுகள் நடுங்கிக் கோணி, வரிக்கு வெளியே இறங்கிச் சென்றிருந்தன. தந்தையார் இடக் கையால் எழுதியது. இறுதி எழுத்தின்மேல் புள்ளி இல்லை.

மறுநாள் பணத்தை மணியார்டரில் அனுப்பினேன். உஸ்தாத்திடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்து மடித்துக் கொடுத்து, "இப்போது உனக்கு விடுப்புக் கேட்டால் கிடைக்கும். ஆனால் உன் அப்பா எதற்காகப் பொறுத்திருக்கிறார் என்று எண்ணிப் பார், பிறகு முடிவு செய்" என்றார். யான் பயிற்சியை முடிப்பதென்றே தீர்மானித்தேன். அம்முடிவு சரியென்று இன்றும் சொல்ல எனக்குத் துணிவில்லை. தந்தையார் அவ்விடைக்காலத்தில் இறந்திருந்தால் என்னை யானே மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் அன்றுமுதல் எங்கள் கடிதங்களிற் பொய் இல்லை. அவருடைய கால் எத்தனை அடி நடந்தது, கடன் எவ்வளவு குறைந்தது, யான் எந்தத் தேர்வில் எத்தனை மதிப்பெண் இழந்தேன் என்பனவெல்லாம் உள்ளவாறே போயின, வந்தன. அந்த எட்டு வாரங்களில் என் வீடு எனக்கு எவ்வளவு அருகில் இருந்ததோ, அவ்வளவு அருகில் அதற்குமுன் இருந்ததில்லை.

டிசம்பரில் உறுதிமொழி ஏற்றேன். பார்க்க வீட்டார் எவரும் வர இயலவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் உஸ்தாத் வந்து, என் தொப்பியைச் சற்று நேராக்கிவிட்டுச் சென்றார்.

மார்கழி விடியலில் ஊர் சேர்ந்தேன். தொழுவத்தைப் பாராமல் வீட்டினுள் நுழையவேண்டும் என்று வழியெல்லாம் எண்ணியிருந்தும் கண் அங்கேதான் சென்றது. முளை மட்டும் நின்றது. திண்ணையிற் சாய்ந்திருந்த தந்தையார் என் உடுப்பையோ தோளிலிருந்த யானைச் சின்னத்தையோ பார்க்கவில்லை. "பூட்ஸைக் கழற்று, ஐயா, காலைக் காட்டு" என்றார். குதிகாலிலிருந்த வடுவை இடக் கையால் தடவி, "ஆறிப்போச்சா?" என்று கேட்டார். "ஆறிவிட்டது, அப்பா" என்றேன். அவர் பின்னர் ஒன்பது ஆண்டு வாழ்ந்தார். கிடாரியை மீட்பதற்காக யான் சந்தை சந்தையாகச் சென்று தேடினேன். அஃது எவர் கைக்குச் சென்றதென்று அறிய முடியவில்லை.

பதினேழு ஆண்டு பணி செய்து 2004இல் அவில்தாராக ஓய்வு பெற்றேன். என்கீழ்ப் பயின்ற இளைஞர் பலரிடம் என் உஸ்தாத் கேட்ட வினாவையே கேட்டிருக்கின்றேன். இன்று நிலைமை வேறு. 2013 சூலையோடு தந்தி நின்றது. 2022 முதல் இளைஞர் அக்னிவீரராக நான்காண்டுப் பணிக்குச் சேர்கின்றனர். அவருள் நான்கில் ஒரு பங்கினர்வரையே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். கையெழுத்தைப் பார்த்து ஐயுறும் காலம் போய், குரலையும் முகத்தையும் கைப்பேசியிற் காணும் காலம் வந்துள்ளது. எனினும், 'நலம்' என்னும் சொல் முன்னைப்போலவே எளிதாக வாயில் வருகின்றது. வீட்டிலிருப்போரும் அவ்வாறே கூறுகின்றனர்.

இம்மலரைப் படிக்கும் மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் படைக்குச் செல்லாமற் போகலாம். ஆயினும் விடுதியிலோ வெளியூரிலோ பிறநாட்டிலோ வாழப் போவீர்கள். உங்களுக்கும் ஒரு பாசறை உண்டு. அன்பினால் மறைக்கின்றோம் என்று நினைப்பவர், அதில் எத்துணைப் பங்கு நாணம் என்று ஒரு முறை நிறுத்துப் பார்த்தல் நன்று. வீட்டிலிருந்து வரும் சொல்லில் ஏதேனும் ஒரு புள்ளி புதிதாகத் தென்பட்டால், அன்றே கேளுங்கள்.

தந்தையார் இடக் கையாற் பெயரெழுதிய அக்கடிதம் என் கரும்பெட்டியில் இன்றும் உள்ளது. மடித்த இடங்களிற் கிழியத் தொடங்கிவிட்டது. தங்கை இப்பொழுது பள்ளியில் தமிழாசிரியை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இட மறக்கும் பிள்ளைகளை மட்டும் தன்னால் கடிந்துகொள்ள முடிவதில்லை என்று அவள் கூறுவதுண்டு.